வளைகாப்பும் அடிச்சட்டிச் சோறும்

நம் நாட்டில் ஒரு பெண் கருவுற்றால், வளைகாப்பென்றும் சீமந்தமென்றும் கடன் வாங்கியாவது சடங்கு நடத்தத் தவறுவதில்லை. ஐந்து வகைச் சோறு, கை நிறைய வளையல், புரோகிதருக்குத் தட்சிணை, ஊராருக்கு விருந்து! அந்த ஒரு நாள் போக, மற்ற நாட்களில் அப்பெண் என்ன உண்ணுகிறாள், எப்பொழுது உண்ணுகிறாள் என்று கேட்பாருண்டா?

மாமனார், கணவன், மைத்துனன், மாமியார் எல்லோரும் உண்டு எழுந்த பிறகு அடிச்சட்டியில் ஒட்டியிருப்பதே அவள் பங்கு. மீனும் முட்டையும் பருப்பும் முன்பே தீர்ந்திருக்கும். மிஞ்சுவது சோறும் ரசமுமே. கருவுற்றவளுக்கு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லிற்று. நமது வீட்டுச் சாஸ்திரமோ, அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்கிறது!

சோறு மாத்திரந்தானா? குழாயில்லாத வீட்டில் நிறை குடம் சுமப்பவள் அவள். விறகடுப்புப் புகையைக் குடிப்பவளும் அவளே. அப்புகையால் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. கக்கூசு இல்லாத ஊரில் வெறுங்காலோடு வெளிக்குப் போகிறவளின் பாதத்தைத் துளைத்துக் கொக்கிப்புழு ஏறி, குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. உண்ட கொஞ்சமும் உடலில் சேர்ந்தபாடில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு இரத்தசோகை. இதைத் தலைவிதி என்கிறார்கள். அத்தனை பேர் தலையிலும் பிரமன் ஒரே எழுத்தையா எழுதினான்? வேப்பிலை செருகித் திருஷ்டி கழித்தால் இரத்தம் ஊறுமா? சர்க்கார் இலவசமாய்க் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையோ, பிள்ளை கறுத்துவிடுமென்று பரணில் எறிகிறார்கள். இந்த அறியாமைக்கு எந்தக் கடவுள் பொறுப்பு?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். வளைகாப்புக்குச் செலவிடும் பணத்தில் புகையில்லாத அடுப்பும் கக்கூசும் வையுங்கள். தண்ணீர்க் குடத்தை ஆண்பிள்ளை தூக்கட்டும். முட்டையும் கீரையும் நிலக்கடலையும் முதலில் கர்ப்பிணியின் தட்டில் விழட்டும். மாத்திரையை விழுங்கியவுடன் காப்பி, டீ குடிக்க வேண்டாம். அவை இரும்புச்சத்தைத் தடுக்கும்.

மேடையில் பெண்ணுரிமை பேசும் நமது தோழர்களும், இன்றிரவு தங்கள் வீட்டில் கடைசியாக உண்ணுவது யார் என்று பார்க்கட்டும். பிள்ளை சுமப்பவள் பட்டினி கிடக்கப் பிறர் வயிறு நிரப்புவதுதான் குடும்ப தர்மமென்றால், அந்தத் தர்மம் ஒழிந்தே தீரவேண்டும்.