நெடுஞ்சாலை ஓரத்து வீடுகள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

விருதுநகர், சாத்தூர் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்திலும், சிவகாசியிலிருந்து அதனோடு சென்று சேரும் சாலைகளின் ஓரத்திலும் வீடு கட்டுவதற்குள்ள தூர வரம்புகளைத் தளர்த்தலாமா என்ற பிரச்சினையை, இப்பகுதிக் குடியிருப்போர் சங்கத்தினராகிய நாங்கள் தீர ஆலோசித்துக் கண்ட முடிவு இது: வரம்பு இருந்தே தீர வேண்டும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது, மனை வாங்குவோர் பணம் கொடுப்பதற்கு முன்பே அவர்களுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிய வேண்டும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த அளவின்படி, சமவெளியின் திறந்த கிராமப்புறங்களில் தேசிய, மாநில நெடுஞ்சாலையின் மையத்திலிருந்து 40 மீட்டரில் கட்டடக் கோடும், 75 மீட்டரில் கட்டுப்பாட்டுக் கோடும் அமைகின்றன. முதற் கோட்டுக்குள் கட்டடமே கூடாது. இரண்டுக்கும் இடையே நிபந்தனைகளுடன் கட்டலாம். மாநிலத்தின் கீழுள்ள நெடுஞ்சாலைகளில் இவ்விரு கோடுகளையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 அரசாங்கத்துக்கு அளிக்கிறது.

இந்த ஏற்பாடு வீண் கெடுபிடி அன்று. சாலையை ஒட்டிய வீட்டில், கோலமிட வாசல் இன்றி, தாரின் வெள்ளைக் கோட்டருகே குனிந்து புள்ளி வைக்கும் பெண்ணையும், லாரி கடக்கும்போதெல்லாம் அடுப்பங்கரைப் பாத்திரங்கள் கலகலத்து அடங்குவதையும் கண்டவர்கள், அந்த 40 மீட்டரை உயிருக்கான இடைவெளி என்றே மதிப்பார்கள்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு விசேஷக் காரணமும் உண்டு. பட்டாசு ஆலைகளுக்கும் அவற்றின் கிடங்குகளுக்கும், சரக்கின் அளவுக்கேற்ப, வெளி வீடுகளிலிருந்தும் பொதுச் சாலைகளிலிருந்தும் பாதுகாப்புத் தூரம் வேண்டும் என்பது 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின் நியதி. சாலையோர மனைப்பிரிவு ஆலையை நோக்கி நீண்டால், குடியேறியவர் அபாயத்துக்கு உள்ளாவதோடு, தூரம் குறைந்த ஆலை இயங்குவது தடைப்பட்டு, அதை நம்பி ஜீவனம் நடத்தும் தொழிலாளரின் கூலியும் கேள்விக்குறியாகிவிடும்.

ஆயினும், தீப்பெட்டி ஒட்டியும் திரி கோத்தும் சேர்த்த சொற்பப் பணத்தில் மூன்று சென்ட் வாங்கிய குடும்பத்தின்மீதே குற்றம் முழுவதையும் சுமத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. பட்டாவில் கட்டடக் கோடு இல்லை. வில்லங்கச் சான்றிலும் இல்லை. கடைக்கால் தோண்டிய பிறகே அது அவர்களை வந்தடைகிறது.

ஆகவே அரசாங்கத்தை நாங்கள் வேண்டுவன:

1. இரு கோடுகளையும் புலப்படத்தில் குறித்து, தரையிலும் கல் நட வேண்டும்.

2. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வழங்குமுன், நெடுஞ்சாலைக் கோடுகளையும் வெடிபொருள் பாதுகாப்புத் தூரத்தையும் ஒருசேரப் பரிசீலிக்க வேண்டும்.

3. கோட்டினால் மனை முழுவதும் பயனற்றுப்போகும் சிறு உடைமையாளருக்கு நியாயமான ஈடு தர வேண்டும்.

4. வீட்டுக்கு வீடு நெடுஞ்சாலையில் வழி திறவாமல், ஊருக்கென இணைப்புச் சாலை அமைக்க வேண்டும்.

அரசாங்கத்தினிடம் கேட்கும் நாங்கள், எங்கள் பங்குக்கும் கட்டுப்படுகிறோம். அளவர் வரும் நாளில் சங்கிலி பிடிக்க எங்கள் உறுப்பினர் உடன் நிற்பார்கள். கல் நட்ட பின்பு அதைத் தாண்டிச் சுவர் எழுப்புபவர் எங்கள் சங்கத்தவரே ஆனாலும், அவருக்காகச் சங்கம் மனு எழுதாது.