கூட்டுக்கு வழி சொல்லாதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் துணை இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் அலுவலகம் இருக்கும் ஊரில் கிளி என்றால் ஆண்டாள் கையில் இருக்கும் கிளிதான் எல்லோருக்கும் நினைவு வரும். இலைகளால் உடம்பும் மாதுளம்பூவால் மூக்குமாக அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள். இன்றையது வாடினால் நாளைக்கு இன்னொன்று வந்துவிடும். இந்த மடல் வேறொரு கிளிக்காக எழுதுவது. வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி பெயரில்தான் கிளி; ஆளைப் பார்த்தால் சிட்டுக்குருவி அளவுள்ள பாடும் பறவை. மலையாளத்தில் சின்னப் பறவைகளைப் பொதுவாகக் கிளி என்பார்கள், அந்தப் பழக்கம் இதன் பெயரிலும் இருக்கிறது. கருநீல முதுகும் சற்று நீளமான கால்களும் கொண்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே உள்ள மலைகளின் உச்சிச் சோலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. அந்த மலைகளில் தங்கள் பொறுப்பில் உள்ள காப்பகத்தின் மேகமலையும் ஒன்று.

செங்கோட்டைக்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருக்கும் சோலைக்கிளி தனி இனம் என்று வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலிய ஆய்வாளர்கள் 2017-ல் மரபணுவைக் கொண்டு காட்டினார்கள். ஒரு கணவாயைத் தாண்டாமலே லட்சக்கணக்கான ஆண்டுகள் இருந்ததால் வந்த வேறுபாடு அது. வெயிலுக்கு வரவே கூசும் உயிர் சோலைக்கிளி. ஒரு சோலையிலிருந்து விரட்டிவிட்டால் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி அடுத்த சோலையில் குடியேறிக்கொள்ளும் என்று நாம் கணக்குப் போட்டுவிட முடியாது.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம். மரப்பொந்திலோ ஓடைக்கரை மண் இடுக்கிலோ பாசியும் வேர்நாரும் வைத்துக் கட்டி, இரண்டு முட்டை இடும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். சின்னமனூரிலிருந்து மலையேறும் வண்டிகளில் நீளமான லென்ஸ்களும் ஏறுவது அந்த மாதங்களில்தான்.

லென்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் தகுதியும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அய்யனார் கோயில் போகும் பாதையில் ஒரு சோலைபாடியின் பாட்டைக் கைப்பேசியில் போட்டேன். புதருக்குள் இருந்த ஆண் பறவை பாய்ந்து வந்து என் தலைக்கு மேலே உட்கார்ந்து பாடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிறுத்தி நிறுத்தி நான்கு முறை வரவழைத்தேன். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அதன் அலகில் புழு இருந்தது தெரிந்தது. குஞ்சுக்குக் கொண்டுபோன இரை. என் கைப்பேசியில் கேட்ட குரலைத் தன் எல்லைக்குள் வந்த எதிரி என்று நம்பி, ஊட்டுவதை விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறது.

சோலையில் இதைச் செய்தால் இன்னும் மோசம். சோலைக்குள் இருக்கும் இருட்டில் படம் எடுக்க வெளிச்சம் போதாது. பாட்டைப் போட்டு வெளியே இழுக்கிறார்கள், பிளாஷ் அடிக்கிறார்கள். கூடு தெரிந்துவிட்டால் மறைக்கும் இலைகளை ஒதுக்குகிறார்கள்; சிலர் கிள்ளியே போட்டுவிடுகிறார்கள். மறைப்புப் போன கூட்டை வால்காக்கை கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். படம் எடுத்தவர் அதற்குள் மலை இறங்கியிருப்பார். முட்டை போன செய்தி அவருக்கு எட்டவே எட்டாது.

தங்களுக்குச் சட்டம் சொல்லித்தர நான் யார்? ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடக்கம். துப்பாக்கியோ கண்ணியோ தேவையில்லை. இதைச் சொன்னால் பறவை பார்ப்பவர்களில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். தாமும் வேட்டைக்காரர் பட்டியலில் வரக்கூடும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அதற்காகச் சோலையை ஒரேயடியாகப் பூட்டிவிடுங்கள் என்று கேட்கவில்லை. எந்த மலையில் எந்தப் பறவை இருக்கிறது என்பதில் பெரும்பகுதியைச் சம்பளம் வாங்காத பறவை ஆர்வலர்கள்தான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்வலர்களை விரட்டாமலே கூட்டைக் காத்த முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிர்ட்லாண்ட் கதிர்க்குருவி என்று ஒன்று உண்டு. 1974-லும் 1987-லும் எடுத்த கணக்கில் பாடும் ஆண் பறவைகள் 167 மட்டுமே இருந்தன. அது கூடு வைக்கும் இளம் பைன் காட்டை அந்தப் பருவத்தில் பொதுமக்களுக்கு மூடினார்கள். பார்க்க விரும்பியவர்களை வழிகாட்டியோடு சேர்த்து அழைத்துப் போனார்கள். 2019-ல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து அந்தப் பறவை வெளியே வந்தது. பைன் நட்டதும், பிறர் கூட்டில் முட்டையிடும் பறவைகளைப் பிடித்ததும்தான் முக்கியக் காரணங்கள், உண்மை. ஆனால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அந்த உழைப்பைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டார்களே, அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

நமக்கு வழிகாட்டிகளைத் தேடி அலைய வேண்டாம். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பக்கத்திலும் பளியர் குடியிருப்புகள் இருக்கின்றன. காட்டை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் யார்? ஒரே ஒரு எச்சரிக்கை: கூடு காட்டினால் தனிப்பணம் என்ற வழக்கம் எந்த வழிகாட்டிக்கும் பழகிவிடக் கூடாது. நடைக்கு நல்ல கூலியைக் காப்பகமே நிர்ணயித்துவிட்டால், கூட்டை விற்றுப் பிழைக்கும் நெருக்கடி அவருக்கு வராது. கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் போடும் எங்களைப் போன்றவர்களை அடக்குவதுதான் கடினம். பறவைப் பதிவுகள் சேரும் ஈபேர்ட் தளமே சில அரிய இனங்களின் துல்லியமான இடத்தை மறைக்கிறது. நாங்கள் படத்தோடு வரைபடத்தையும் சேர்த்து அனுப்புகிறோம்.

ஆகவே நான் கேட்பது சிறியது. அனுமதிச் சீட்டில் மூன்று வரி அச்சிடுங்கள். குரல் ஒலிபரப்பக் கூடாது. கூட்டருகே நிற்கவோ படம் எடுக்கவோ கூடாது. கூட்டின் இடத்தை வெளியிடக் கூடாது. கீழே சட்டப்பிரிவின் எண்ணையும் போடுங்கள். இது பார்வையாளருக்காக மட்டுமல்ல. லட்ச ரூபாய்க் கேமராவோடு நிற்கும் ஆளிடம், தொகுப்பூதியம் வாங்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் வாயால் சொன்னால் எடுபடாது. எனக்கு எந்த அதிகாரியைத் தெரியும் தெரியுமா என்று கேட்பார்கள். நீட்டிக் காட்ட அவர் கையில் ஒரு தாள் வேண்டும்.

ஏப்ரலுக்குள் அச்சாக வேண்டும். சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
ராஜபாளையத்துப் பறவை ஆர்வலர் ஒருவர்