பிழைச் செய்தி நமக்குப் பகையா?

கணிப்பொறி பயிலும் நம் நண்பர்களிடையே ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். அட்டவணையின் வரிசைகளைத் திருத்தும்போது கர்சர் பிழை காட்டினால், காரணத்தை ஆராய்வதில்லை; பிழைச் செய்தியின் வாயைக் கட்டிவிட்டு மேலே செல்கின்றனர். இது நன்றன்று என்பது என் துணிபு.

கர்சர் என்பது யாது? இங்கே மைசூர் அக்ரஹாரத்துத் தெருவில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துச் செல்லும் தபால்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, வேலையை முடித்து, அடுத்ததற்கு நகர்வதே கர்சரின் தொழில். வீடுகள் தீர்ந்த பின்னும் அடுத்ததைக் கேட்டால், மை எஸ்.க்யூ.எல். 1329 என்னும் பிழையைக் காட்டும். முடிவு வந்ததும் நிற்கும்படி எழுதிவிட்டால் அது தீர்ந்தது. ஆரக்கிளிலோ, திருத்துவதற்கெனப் பூட்டிய வரிசைகளின் நடுவே ‘கமிட்’ செய்தால் பூட்டு அவிழ்ந்துவிடும். அடுத்த வரிசையை எடுக்கையில் 01002 என்னும் பிழை எழும். கமிட்டைச் சுழற்சிக்கு வெளியே, இறுதியில் வைப்பதே அதற்கு மருந்து.

இவற்றின் வாயைக் கட்டினால் விளைவது என்ன? 200 மாணவர்களின் உதவித்தொகையை ஆளுக்கு 500 ரூபாய் உயர்த்துவதாகக் கொள்வோம். 120 பேருக்குப் பின் வேலை ஓசையின்றி நின்றுவிடுகிறது. எஞ்சிய 80 பேருக்கு உயர்வு இல்லை. மீண்டும் முதலிலிருந்து ஓட்டினாலோ, முன்னவர்களுக்கு இருமுறை உயர்வு! அட்டவணையில் அது ஓர் எண். ஏழை மாணவனுக்கோ அது சாப்பாடு அன்றோ?

பிழையே காட்டாத பிழை இன்னும் கொடியது. 1976-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சேம்பர்லின், செலிஞ்சர், அஸ்ட்ரஹான் ஆகியோர் 25,000 டாலருக்குக் குறைந்த சம்பளக்காரர்களுக்குப் பத்து விழுக்காடு உயர்வு தரும் கட்டளையை ஆராய்ந்தனர். சம்பள வரிசைப்படி நடந்த திருத்தத்தில், உயர்வு பெற்றவர் முன்னே நகர்ந்து மீண்டும் மீண்டும் அகப்பட்டார். முடிவில் எல்லோருமே 25,000-ஐ எட்டிவிட்டனர்! கண்டுபிடித்த நாளின் பெயரால் அது ‘ஹாலோவீன் சிக்கல்’ எனப்படுகிறது. அங்கே எச்சரிக்க ஒரு செய்தியும் எழவில்லை. எச்சரிக்கை எழும் இடத்திலும் நாம் காதைப் பொத்திக்கொள்ளலாமா?

தேர்வு நெருங்குகையில் இதற்கெல்லாம் நேரமேது என்பர் சிலர். நேரம் மிச்சப்படவும் வழியுண்டு. 1970-ல் காட் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளம், வரிசைகளைத் தொகுதியாக எண்ணக் கற்பித்தது. பெரும்பாலான திருத்தங்களுக்கு ஒரே கட்டளை போதும், கர்சரே வேண்டியதில்லை. கர்சர் இன்றியமையாத இடத்தில், அனைத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வையுங்கள். இடையில் தடுக்கினால் ‘ரோல்பேக்’ செய்து, திருத்திய வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

நாளை வங்கியிலும் மருத்துவமனையிலும் பிறருடைய கணக்குகள் நம் கைக்கு வரும். பிழையைப் படித்துத் திருத்தும் பொறுமையை இன்றே பழகுவோம், தோழர்களே!