மட்டம் போட்டவன் எங்கே போவான்?

ராஜபாளையத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் பள்ளிக்கு மட்டம் போட்டால் எங்கே போவான்? உள்ளூர் தியேட்டருக்குப் போக முடியாது. டிக்கெட் கிழிப்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். வீட்டுக்கும் போக முடியாது. மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகல் முழுக்க அங்கேதான் தூங்குவார். மிச்சம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறினால் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஏறிப் பார்த்தால், ஆண்டாள் கோயிலுக்குப் போகிற சித்தி முன் சீட்டில் உட்கார்ந்திருப்பாள்!

நல்ல பள்ளிக்கூடக் காமெடிப் படம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இந்த பஸ்ஸிலேயே பாதி பதில் இருக்கிறது. பையனுக்கு அது உயிர் போகிற பிரச்சினை. பார்க்கிறவனுக்குச் சிரிப்பு. அவன் சிரித்துவிட்டால் நமக்குச் சிரிப்பு வராது. பல இயக்குநர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பையன்களையே ஜோக் அடிக்க வைத்துவிடுகிறார்கள்.

மட்டம் போடுவதை வைத்தே ஒரு முழுப்படம் எடுத்தவர் ஜான் ஹ்யூஸ். 1986-ல் வந்த 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்'. உடம்பு சரியில்லை என்று அப்பா அம்மாவை ஏமாற்றிவிட்டு ஃபெரிஸ் சிகாகோ நகரைச் சுற்றுகிறான். காதலியை வகுப்பிலிருந்து வெளியே கொண்டுவர, அவளுடைய பாட்டி செத்துப்போனதாக ஒரு பொய். சிகாகோவில் இது செல்லுபடியாகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொல்லிப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் நாலு பேர் மாலையோடு வீட்டு வாசலில் நிற்பார்கள் :)

ஆனால் அந்தப் படம் வெறும் கலாட்டாவாக முடிந்துபோகாததற்குக் காரணம் ஃபெரிஸ் இல்லை. அவனுடைய நண்பன் கேமரூன். அவனுடைய அப்பாவுக்கு மகனைவிட ஃபெராரி கார்தான் உசத்தி. நாள் முழுக்க அந்தக் காரில் சுற்றுகிறார்கள். கடைசியில் கேமரூன் அதை எட்டி எட்டி உதைக்கிறான். கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் போய் விழுகிறது. அப்பாவை நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொள்கிறேன் என்கிறான். அதுவரை சிரித்தவனுக்கும் அங்கே தொண்டை அடைக்கும். சிரிப்பு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது, வலி வீட்டிலிருந்து வந்தது.

இதே மட்டம் விருதுநகர் பக்கம் வந்தால் என்ன ஆகும்? வசந்தபாலன் 2006-ல் 'வெயில்' படத்தில் காட்டினார். பள்ளிக்குப் போகாமல் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற முருகேசன் அப்பாவிடம் மாட்டிக்கொள்கிறான். அவர் அவனை அம்மணமாக வெயிலில் கட்டிப்போடுகிறார். அந்த அவமானத்தில் வீட்டைவிட்டு ஓடுகிறவனின் வாழ்க்கையே திசைமாறிப் போகிறது. ஒரே தப்பு. அங்கே கொண்டாட்டம், இங்கே நாசம். இந்த மாவட்டத்தில் படித்த யாரும் இந்த இரண்டாவது முடிவை மிகை என்று சொல்லமாட்டார்கள். பெல்ட்டுக்கும் பிரம்புக்கும் ஊரில் பஞ்சம் இருந்ததில்லை. ஆகவே தமிழில் பள்ளிக்கூடக் காமெடி எடுப்பவர், அந்த அடி எங்கோ பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறைக்கவே கூடாது. மறைத்தால் அது விளம்பரப் படம். அடியை மட்டும் காட்டினால் காமெடி செத்துவிடும். கஷ்டமான வேலைதான்...

அதனாலோ என்னவோ, நம்மவர்கள் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டார்கள். குண்டுப் பையனைக் கிண்டல் செய், திக்குவாயை வைத்துச் சிரிக்க வை, தமிழ் ஐயாவைக் கோமாளியாக்கு. இல்லையென்றால் யூனிஃபார்ம் போட்டவர்களுக்கு ஒரு டூயட். 2002-ல் வந்த 'துள்ளுவதோ இளமை' உண்மையில் வீட்டுக் கொடுமை தாங்காமல் ஓடிப்போகிற ஆறு பிள்ளைகளின் கதை. அதை அப்படி நினைவு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

இரண்டையும் சேர்த்துக் காட்டிய படம் பாண்டிராஜின் 'பசங்க' (2009). புதுக்கோட்டைப் பக்கத்து விராச்சிலையில் நடக்கிறது. அதில் வருபவர்கள் ஆறாம் வகுப்புப் பொடியன்கள். இருந்தாலும் பெரிய பிள்ளைகளை வைத்து எடுத்த எந்தப் படத்தைவிடவும் பள்ளிக்கூடத்தைச் சரியாகப் பிடித்தது இதுதான். புதிதாக வரும் அன்புக்கரசு தன் பேருக்குப் பின்னால் ஐ.ஏ.எஸ். போட்டுக்கொள்கிறான். அதில் அவனுக்குத் துளி விளையாட்டு கிடையாது. ஏற்கனவே வகுப்பை ஆட்டிவைத்துக்கொண்டிருக்கிற ஜீவாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. இரண்டு நாட்டு ராஜாக்கள் மாதிரி மோதுகிறார்கள். தியேட்டரே சிரித்தது, பையன்கள் மட்டும் சிரிக்கவில்லை.

ஜீவாவின் அப்பாதான் வாத்தியார். சொக்கலிங்கமாக ஜெயப்பிரகாஷ். வீட்டிலும் அவர், வகுப்பிலும் அவர் என்றால் அந்தப் பையன் எங்கே ஒளிவான்? இன்னொரு பக்கம் அன்புவின் அப்பாவும் அம்மாவும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். வாத்தியார் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுகிறார். தன் மகனோடு மல்லுக்கட்டுகிற பையனின் வீட்டுக்கு! இது சிகாகோவில் நடக்காது. வாத்தியாரும் மாணவனும் ஒரே மளிகைக்கடையில் அரிசி வாங்குகிற ஊரில்தான் நடக்கும். ராஜபாளையத்தில் தாராளமாக நடக்கும்.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. கடைசியில் விபத்து, ஆஸ்பத்திரி, எல்லோரும் கைதட்டுவது... அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. அதற்குள் மனசு நிறைந்துதான் இருந்தது. தமிழ் சினிமாவுக்குத் தன் கண்ணீர் மேல் நம்பிக்கை குறைவு, யாரையாவது ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தால்தான் திருப்தி.

இவ்வளவு கதை இருக்கிற இந்த இரண்டு ஊர்களை வைத்து யாராவது ஒரு பள்ளிக்கூடக் காமெடி எடுக்கலாம். ஆடிப்பூரத் தேர், பால்கோவாக் கடை, சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகள் எல்லாம் பின்னணியில் இருக்கட்டும், தப்பில்லை. கதைக்கு வேண்டியது ஒரு காட்சிதான். மட்டம் போட்ட பையன் சித்திக்குத் தப்பித்து ஒருவழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர் க்யூவில் போய் நிற்கிறான். அவனுக்கு நாலு ஆள் முன்னால், மில் ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த அப்பா. திரும்பிப் பார்க்கிறார். ரெண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. யார் முதலில் "அம்மாகிட்ட சொல்லிராத" என்று சொல்வது?