பேகி வந்தது... இடுப்பு வரவில்லை!

எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. சகதர்மிணி அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மியூசியம்'.

அதில் முக்கியமான காட்சிப் பொருள், 1994-ல் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் நான் தைத்துக்கொண்ட பேகி பேண்ட். 'காதலன்' வந்த வருஷம். பிரபுதேவாவைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பையன்களெல்லாம் துணியும் கையுமாக டெய்லர் கடையில் நின்றோம். ஒரு காலுக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். மின்சார ரயிலில் முதலில் நான் ஏறுவேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேண்ட் ஏறும்!

மவுசு போனதும் தூக்கிப் போட மனசு வரவில்லை. 'நினைத்தாலே இனிக்கும்' (1979) காலத்துப் பெல்பாட்டம், பிற்பாடு 'பூட் கட்' என்று பெயரை மாற்றிக்கொண்டு வரவில்லையா? இதுவும் வரும் என்று அந்துருண்டை போட்டு மூடி வைத்தேன். நடுவில் பென்சில் ஃபிட் வந்தது. போட ரெண்டு பேர், கழற்ற தீயணைப்புப் படை!

போன மாசம் காலேஜில் படிக்கும் பையன், "அப்பா, பேகி வாங்கணும், பணம் குடு" என்றான். முப்பது வருஷத் தவம் பலித்தது சார்! பெட்டியை இறக்கினேன்.

முதலில் நான் போட்டுப் பார்த்தேன். கொக்கிக்கும் அதன் ஜோடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பையன் போட்டான். "கட்டிங்கே வேறப்பா. முன்னாடி இவ்ளோ மடிப்பு இப்போ யாரும் வைக்கறதில்ல. பாலியஸ்டர் வேற, வேர்த்துக் கொட்டுது" என்று கழற்றி எறிந்தான்.

அப்போதுதான் புரிந்தது. ஃபேஷன் திரும்பி வரும். ஆனால் போன அதே உடம்போடு வராது. நாமும்தான்!

பெட்டியின் அடியில் இன்னொன்று இருந்தது. என் அப்பாவின் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறிச் சட்டை. காலர் நைந்ததும் அம்மா தையலைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைத்தாள். நூலுக்குச் சாயம் ஏற்றிவிட்டு நெய்வதால், அதில் இரண்டு பக்கமும் ஒரே கட்டம். அச்சடித்த துணியில் அந்த வித்தை நடக்காது.

இந்தக் கரைத் துணிக்கு அப்படி ஒரு பேர். கல்பாக்கம் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்ததே துணி வியாபாரத்துக்குத்தான். மெட்ராஸ் கட்டம் 1950-களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய், சாயம் போகிறது என்று ரகளையானது. 'சாயம் போவதுதான் இதன் அழகு' என்று விளம்பரம் செய்தே விற்றுவிட்டார்கள். நம் லுங்கி சாயம் போனால் கடைக்காரரோடு சண்டை. அங்கே போனால் ஃபேஷன்!

"யார் சட்டைப்பா? செமையா இருக்கே!" என்றான் பையன். தாத்தா போனபோது அவனுக்கு ஆறு வயசு. தோள் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. காலேஜில் மசியைக் கொட்டிவிட்டால்? கிழித்துவிட்டால்?

"சட்டை மனுஷனுக்கா, பெட்டிக்கா?" என்றாள் சகதர்மிணி. கொடுத்துவிட்டேன்.

ஆகவே ஆபீஸ் போகும் தம்பிகளே! நல்ல பருத்தியா, உள்தையலில் பிரித்து விட ஒரு அங்குலம் துணி இருக்கிறதா, வெட்டு எளிமையா... வைத்துக்கொள்ளுங்கள். வேட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அதற்கு இடுப்பளவே கிடையாது. எலாஸ்டிக்கும் லைக்ராவும் சும்மா கிடந்தாலே தொய்ந்துவிடும். ரெக்சின் உரியும். அவற்றை, உழைக்கிற நிலையில் இருக்கும்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

என் பேண்டா? மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய்விட்டது. வெண்டைக்காய் ஒரு காலில், தக்காளி ஒரு காலில். ஆமாம் சார், சகதர்மிணி வெட்டித் தைத்துவிட்டாள். பேகி, பையாகிவிட்டது!