டைனோ வரைபடமும் மலையேற்றப் பதிவும்

பிக்கப் டிரக் சுமை இழுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டி. ஆகவே அதன் எஞ்சினுக்குச் செய்யப்படும் டியூனிங்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கணினியில் எரிபொருள் அளவு, தீப்பொறி நேரம், டர்போ அழுத்தம், கியர் மாறும் வேகம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அட்டவணைகளைத் திருத்தி எழுதும் பணியை, நீண்ட ஏற்றத்தில் சுமையோடு அந்த வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இவ்விதழின் நிலைப்பாடு. அமெரிக்காவின் டியூனிங் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் வழக்கமோ, வண்டியை டைனோ எனப்படும் உருளைமேடையில் ஏற்றி, பத்துப் பதினைந்து விநாடி முழு திராட்டிலில் ஓட்டி, கிடைக்கும் உச்சக் குதிரைத்திறனை வரைபடமாக அச்சிட்டு வாடிக்கையாளரிடம் கொடுப்பதாகும். அந்த வரைபடம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது பத்து விநாடியின் கதையை மட்டுமே.

வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2008-இல் வெளியிட்ட ஜே2807 என்னும் இழுவைத் தர நெறி இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்து எழுதப்பட்டது. அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து மேலேறும் டேவிஸ் டாம் சாலையில், ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவுக்கு, வெளிவெப்பம் 38 டிகிரி செல்சியசை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் வேளையில், குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓட, அறிவிக்கப்பட்ட முழு எடையையும் இழுத்துக்கொண்டு, மணிக்கு 64 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் சோதனைகளுள் ஒன்று; பின்னச்சில் இரட்டைச் சக்கரம் கொண்ட வண்டிகளுக்கு மட்டும் இவ்வேக வரம்பு சற்றுக் குறைவு. 64 கி.மீ. வேகத்தில் அந்த ஏற்றத்தை முடிக்க 17 நிமிடம் ஆகும். தயாரிப்பாளர் தம் அட்டவணைகளை அந்த 17 நிமிடத்துக்காக எழுதியிருக்கிறார். டைனோவின் பத்து விநாடிக்காக அவற்றைத் திருத்துபவர், எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறார் என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் வெப்பக் காப்பே. பெட்ரோல் எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினி, எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பத்தைச் சுமை, வேகம், தீப்பொறி நேரம் ஆகியவற்றிலிருந்து தொடர்ந்து கணித்துக்கொண்டே இருந்து, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தாங்கக்கூடிய எல்லையைக் கணிப்பு தாண்டும்போது கூடுதல் எரிபொருளைச் செலுத்திக் குளிர்விக்கிறது. இந்தக் காப்பு விழித்துக்கொண்டால் கலவை செறிந்து குதிரைத்திறன் சற்றுக் குறைவதாலும், கலவை தமது அட்டவணையைப் பின்பற்றாமல் தானாக மாறுவதாலும், டியூனர்கள் சிலர் அதை முழுமையாக அணைத்துவிடுகின்றனர். டைனோவில் இதனால் எந்தக் கேடும் தெரியாது, ஏனெனில் உலோகம் சூடேற அங்கே நேரமே இல்லை. ஏற்றத்தின் பத்தாவது நிமிடத்தில்தான் அந்தக் காப்பு தேவைப்படுகிறது. அப்போது அது அங்கே இருப்பதில்லை.

உயரம் சேரும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. கொலராடோவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை அடையும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ 67 ஆகச் சுருங்கிவிடுகிறது. இன்டேக் மேனிஃபோல்டில் மொத்தம் 200 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டுமென்று அட்டவணை கேட்டால், கடல் மட்டத்தில் டர்போவின் கம்ப்ரசர் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். சுரங்கப்பாதை வாசலில் அதே 200-ஐ எட்ட மூன்று மடங்கு அழுத்த வேண்டும். 27 டிகிரியில் உள்ளே வரும் காற்று, எந்த இழப்பும் இல்லாத இலட்சியக் கம்ப்ரசரிலேயே, கடல் மட்டத்தில் 93 டிகிரியாகவும் சுரங்கப்பாதை வாசலில் 137 டிகிரியாகவும் சூடாகி வெளியேறும். உண்மையான கம்ப்ரசரில் இரண்டுமே இன்னும் கூடும், டர்போவின் சுழல்வேகமும் அதன் எல்லையை நெருங்கும். ஃபோர்டு எஃப்-150 வண்டியில் 2011 மாடல் முதல் வந்த 3.5 லிட்டர் இக்கோபூஸ்ட் போன்ற இரட்டை டர்போ எஞ்சின்களில், வெளிக்காற்றழுத்தத்தைப் பொறுத்து டர்போ அழுத்தத்தைக் குறைக்கும் அட்டவணைகளைத் தொடுபவர், சமவெளியில் எடுத்த பதிவை மட்டும் நம்பித் தொடக்கூடாது.

பதிவு என்று இங்கே சொல்லப்படுவது, வண்டி ஓடும்போதே கட்டுப்பாட்டுக் கணினியின் உள்மதிப்புகளை ஓபிடி-2 இணைப்பின் வழியே தொடர்ச்சியாகச் சேமிக்கும் தரவுப் பதிவை. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் இந்த 16 முனை இணைப்பு கட்டாயமாக்கப்பட்டதும், 2008 மாடல் முதல் அதன் வழியே கேன் என்னும் விரைவான தகவல்தடம் கட்டாயமானதும் இத்தொழிலின் அடித்தளங்கள். எனினும் எளிதாகக் கிடைப்பதாலேயே பதிவின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. ஏற்றத்தில் நிமிடத்துக்கு 4,200 சுற்றில் ஓடும் ஒரு வி8 எஞ்சினை எடுத்துக்கொண்டால், அது விநாடிக்கு 70 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு சிலிண்டர்கள் எரிவதால் விநாடிக்கு 280 எரிதல்கள் நிகழ்கின்றன. விநாடிக்குப் பத்து முறை பதியும் கருவியில், ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 28 எரிதல்கள் யாரும் பார்க்காமல் கடந்துவிடுகின்றன. சேனல் எனப்படும் பதிவுக்குரிய மதிப்புகள் கூடக்கூட இந்த இடைவெளி இன்னும் அகலும். நாற்பது ஐம்பது சேனல்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றில் எதையுமே போதிய விரைவில் பதியாத கோப்புகள் டியூனர்களிடம் நாள்தோறும் வந்து குவிகின்றன. நாக்கிங்கை ஆராய வேண்டுமானால் எஞ்சின் சுற்று, காற்றளவு, தீப்பொறி நேரம், நாக் பின்னிழுப்பு, உள்காற்று வெப்பம் என ஐந்தாறு சேனல்களே போதும். கியர்பாக்ஸை ஆராயத் தனியே மற்றொரு ஓட்டம் ஓடலாம்.

நாக் பின்னிழுப்பு என்பது, கலவை தானே வெடிக்கும் நாக்கிங்கின் அதிர்வை உணர்கருவி கேட்டதும் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும் அளவாகும். கணினி அதை உடனே முழு அளவில் பின்னிழுத்துவிட்டுப் பின்னர் மெல்ல மெல்லத் திருப்பித் தருவதால், பதிவில் காணப்படும் 2 டிகிரி, நடந்த பின்னிழுப்பின் எஞ்சிய வாலாகவும் இருக்கக்கூடும். உச்சம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கழிந்திருக்கலாம். மறுபுறம், சட்டத்தில் உரசும் எக்ஸாஸ்ட் குழாயும் தளர்ந்த அடித்தகடும்கூட உணர்கருவிக்கு நாக்கிங்போலவே கேட்கும். ஆகவே அந்த இடத்தில் தீப்பொறியை இரண்டு டிகிரி குறைத்து அதே ஏற்றத்தை மீண்டும் பதிவது முறை: உண்மையான நாக்கிங் குறையும் அல்லது மறையும், உலோக உரசல் அப்படியே நிற்கும். எரிபொருளும் கவனத்துக்குரியது. மலை மாநிலங்களில் சாதாரண பெட்ரோலாக 85 ஆக்டேன் விற்கப்படுகிறது. அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சினுக்குள் நுழையும் காற்று மெலிந்திருப்பதால் அது தாங்கிவிடுகிறது. டர்போ எஞ்சினோ மெலிந்த காற்றை ஈடுசெய்துவிடுகிறது, ஆகவே அச்சலுகை அதற்குப் பொருந்தாது.

காற்று-எரிபொருள் கலவையைப் படிப்பதில்தான் மிகப் பெரும் பிழைகள் நேர்கின்றன. அகன்ற வீச்சு ஆக்சிஜன் உணர்கருவி எரிபொருளை அளப்பதே இல்லை. எக்ஸாஸ்டில் எஞ்சும் ஆக்சிஜனை அளந்து அதிலிருந்து லாம்டா என்னும் விகிதத்தைத் தருகிறது. லாம்டா 1 என்றால் எரிவதற்குத் தேவையான காற்று மிகச் சரியாக உள்ளது, 1-க்கு மேல் என்றால் கலவை மெலிந்தது, கீழ் என்றால் செறிந்தது. இப்போது ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் பழுதாகித் தீ பற்றவில்லை, அதாவது மிஸ்ஃபயர் நேர்கிறது, என்று கொள்வோம். அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் முழுதும் எரியாமல் வெளியேறுகிறது. கூடவே அதன் ஆக்சிஜனும் முழுதாக வெளியேறுகிறது. உணர்கருவி அந்த ஆக்சிஜனை மட்டுமே பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்கிறது. பதிவை மட்டும் பார்க்கும் டியூனர் எரிபொருளைக் கூட்டுகிறார். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கத் தொடங்குகிறது. உணர்கருவிக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் ஒன்று உடைந்து கசிவு இருந்தாலும் இதே மயக்கம் நேரும், ஏனெனில் வாயுத் துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆனால் கசிவின் பிழை குறைந்த சுமையில் பெரிதாகவும் முழுச் சுமையில் சிறிதாகவும் இருக்கும், மிஸ்ஃபயரோ பெரும்பாலும் சுமை ஏறும்போதுதான் தலைகாட்டும். மெலிவு எந்தச் சுமையில் தோன்றுகிறது என்று பார்க்காமல் அட்டவணையில் கை வைப்பது, நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பானது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சிறு செய்தி: அமெரிக்கப் பெட்ரோலின் பெரும்பகுதி பத்து விழுக்காடு எத்தனால் கலந்தது என்பதால் அதன் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.7-க்குப் பதிலாக 14.1-ஐ ஒட்டியிருக்கும். ஆனால் பெரும்பாலான அளவுக்கருவிகள் லாம்டாவை 14.7-ஆல் பெருக்கியே காட்டுகின்றன. அறிக்கைகளில் லாம்டாவை மட்டுமே எழுதினால் இந்தக் குழப்பம் எழாது.

கியர்பாக்ஸைப் பற்றி டியூனிங் அறிக்கைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இன்றைய பிக்கப்களில் கியர்பாக்ஸின் உள் கிளட்சுகளை இறுக்கும் ஆயில் அழுத்தத்தைக் கணினி தான் கணிக்கும் எஞ்சின் முறுக்குவிசையைக் கொண்டே தீர்மானிக்கிறது. எஞ்சினுக்குக் கூடுதல் வலுவைக் கொடுத்துவிட்டு, கணினி குறுக்கிடாதிருக்க அந்தக் கணிப்பைக் குறைத்துக் காட்டும் டியூனர், கூடிய விசையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்கும்படி கிளட்சுகளை விட்டுவிடுகிறார். டார்க் கன்வெர்ட்டர் கிளட்ச் பூட்டியிருக்க வேண்டிய நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் உள்ள சுற்றுகளுக்கிடையே எவ்வளவு வேறுபாடு, ஆயில் வெப்பம் நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்ற இரண்டு சேனல்களை டிரெய்லருடன் ஏற்றத்தில் பதிந்தால் இது உடனே வெளிப்படும். அந்தப் பதிவு இல்லாததால் ஆயில் கருகி, கிளட்ச் தேய்ந்து, வண்டி பட்டறைக்கு வந்து நின்ற பிறகே பலருக்கு இது தெரியவருகிறது. பழுதுச் செலவோ வண்டிக்காரர் தலையில்.

ஹெச்பி டியூனர்ஸ், இஎஃப்ஐலைவ் போன்ற மென்பொருள்களால் டியூனர் ஒரு மாநிலத்திலும் வண்டி மற்றொரு மாநிலத்திலும் இருக்க வேலை நடக்கும் முறை இன்று இயல்பாகிவிட்டது. வண்டியைத் தொடவோ அதன் ஒலியைக் கேட்கவோ வாய்ப்பில்லாத இந்த முறையில் டியூனருக்கு இருக்கும் ஒரே கண் பதிவுதான். எனவே டயரின் அளவு, ஊற்றிய பெட்ரோலின் தரம், டிரெய்லரின் எடை, ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றப்பட்டது, எக்ஸாஸ்டில் கசிவு சோதிக்கப்பட்டதா என்பனவற்றைக் கேட்டு எழுதி வாங்காமல் முதல் கோப்பை அனுப்புவது பொறுப்பற்ற செயல் என்றே இவ்விதழ் கருதுகிறது. மேலும், ஒரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் இடையே ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். காற்றளவி அட்டவணையையும் தீப்பொறி அட்டவணையையும் ஒரே கோப்பில் மாற்றி அனுப்பினால், அடுத்து வரும் பதிவில் தெரியும் மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியே இராது.

சட்டம் குறித்தும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டு அளவில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களிலிருந்து புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நீக்கப்பட்டுள்ளன. அவ்வண்டிகளின் ஆயுட்காலத்தில் அதனால் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5,70,000 டன்னுக்கும் மேல். தூய காற்றுச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு, இந்த நீக்கத்தையும் அதற்கு உதவும் மென்பொருளைச் செய்து விற்பதையும் தடை செய்கிறது. டீசல் துகள்வடிகட்டியை நீக்குவதற்கான கோப்பை எழுதுவது டியூனிங் அன்று. பிறர் நுரையீரலின் செலவில் விற்கப்படும் சரக்கு அது. வடிகட்டியை வைத்துக்கொண்டே சுமையை நன்றாக இழுக்கும் காலிபரேஷனை, அதாவது அட்டவணைத் தொகுப்பை, எழுத முடியும் என்பதைப் பல பட்டறைகள் நாள்தோறும் காட்டிவருகின்றன. கலிஃபோர்னியா 2021 ஜூலை முதல் தன் புகைச் சோதனையில் கணினி மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணையும் பார்க்கிறது. தயாரிப்பாளரின் எண்ணோடும் மாநில வாரியம் ஒப்புதல் அளித்த எண்ணோடும் பொருந்தாத வண்டி சோதனையில் தோற்கும். அந்த ஒப்புதலைப் பெறுவதற்கு ஆகும் செலவு சிறு பட்டறைகளுக்குப் பெரும் பாரம் என்னும் முறையீட்டில் நியாயம் உண்டு, வாரியம் அதற்குச் செவிசாய்க்க வேண்டும். அதற்காக ஒப்புதலின்றி விற்கலாம் என்று ஆகிவிடாது.

இவ்விதழுக்கு டியூனிங் அறிக்கை அனுப்புவோர் இனி டைனோ வரைபடத்தோடு, சுமையுடன் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து ஏறிய ஓட்டத்தின் மூலப் பதிவுக் கோப்பையும், அதன் பதிவு விரைவையும், அன்றைய வெளிவெப்பத்தையும் காற்றழுத்தத்தையும், முன்னிருந்த காலிபரேஷனில் மாற்றப்பட்ட அட்டவணைகளின் பட்டியலையும் இணைக்க வேண்டும். எந்தக் காப்பு அட்டவணையாவது அணைக்கப்பட்டிருந்தால் அதையும் காரணத்தோடு குறிப்பிட வேண்டும். அதே கோப்புகளின் ஒரு படி வண்டியின் உரிமையாளரிடமும் இருக்க வேண்டும். நாளை அவர் வேறொரு பட்டறையின் படியேறும்போது, அங்கிருப்பவர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அவற்றையே.