சிவப்பு அட்டைக்காரர் வெளிநாட்டவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியார் உயர்கல்விக்கூடங்களில் பயிலும் குடிமக்கள் அல்லாதவர்களின் கட்டணத்துக்கு 2025 ஜூலை 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது தங்கள் வாசகர்களுக்குப் பழைய செய்தி. வெளிநாட்டிலிருந்து வரும் வசதியான மாணவர்கள்தானே, கட்டட்டுமே என்று அன்று பேசியவர்கள் உண்டு. புதிய சேர்க்கைக்கான கட்டண அறிக்கையைக் கையில் வாங்கும்போதுதான் அந்த வரி யார் தலையில் விடிகிறது என்று தெரிகிறது. கிள்ளானிலேயே பிறந்து, இங்குள்ள தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் படித்து, எஸ்பிஎம் தேர்வு எழுதி, சட்டம் படிக்க பிரிக்பீல்ட்ஸுக்கோ பெட்டாலிங் ஜெயாவுக்கோ போகும் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பிள்ளையும் குடிமகன் அல்லாதவர் கணக்கில்தான் வருகிறது. ஆண்டுக்கு 30,000 ரிங்கிட் கட்டணம் என்றால், கடைசி வரியில் இன்னும் 1,800 ரிங்கிட். பிடிபிடிஎன் கல்விக் கடனோ குடிமக்களுக்கு மட்டும். கடன் கிடையாது, வரி மட்டும் உண்டு!

நிரந்தரவாசியை வெளிநாட்டவராக எண்ணுவதுதான் இந்நாட்டின் கொள்கை என்றால், மற்றத் துறைகளிலும் அதைக் காண வேண்டுமல்லவா? குடிநுழைவுத் துறை இவரிடம் மாணவர் விசா கேட்பதில்லை. ஊழியர் சேமநிதி வாரியம், 60 வயதுவரை, குடிமகனிடம் பிடிக்கும் அதே விகிதத்தில் இவரிடமும் சந்தா பிடிக்கிறது. வருமான வரி வாரியம், ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தாயா என்று பார்க்கிறதே தவிர, அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 11-வது பிரிவு, வழக்கறிஞராகப் பதிவு பெற விரும்புபவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. பட்டம் முடித்து, சிஎல்பி தேர்வில் தேறி, ஒன்பது மாதப் பயிற்சியும் முடித்த பிறகு உயர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி போட்டு நிற்க இவருக்குத் தடையில்லை. அந்தப் பட்டத்துக்கான வகுப்பில் உட்காரும்வரை மட்டும் இவர் அந்நியர். இந்த விசித்திரத்தை எந்த அதிகாரி எந்த மேசையில் உட்கார்ந்து யோசித்தாரோ!

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியதுதானே என்பார்கள். அரசியலமைப்பின் 19-வது விதிப்படி விண்ணப்பிக்க 21 வயது நிரம்ப வேண்டும். 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வசித்திருக்கவும் வேண்டும். 19 வயதில் சட்டம் படிக்கத் தொடங்கும் பிள்ளை, விண்ணப்பிக்கும் தகுதியை எட்டும்போது மூன்றாண்டுப் படிப்பின் கடைசிப் பகுதியில் இருக்கும். வயது குறைந்த பிள்ளைகளுக்கு 15A விதி இருக்கிறதே என்றால், அது முழுக்க முழுக்க அரசின் விருப்பம். இவர்களுக்கு வரிவிலக்கு தந்தால் அரசின் வருமானம் குறையும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு சில சிவப்பு அட்டைப் பிள்ளைகளின் கட்டணத்தை நம்பித்தான் கருவூலம் நடக்கிறது என்றால், நாம் கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு.

நம் கல்லூரிகள் பலவும் சொல்லித்தருவது ஆங்கிலேயச் சட்டப் பட்டம். அந்த இங்கிலாந்திலேயே, நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு மூன்றாண்டு வழக்கமாக வசித்திருந்தால் உள்நாட்டுக் கட்டணம்தான். பிரிட்டிஷ் கடப்பிதழ் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பட்டத்தை அங்கிருந்து இறக்குமதி செய்தவர்கள், இந்த நியாயத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம்.

இது இன்றைய பிள்ளைகளோடு முடியும் சங்கதியுமல்ல. நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிடும் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றியிருக்கிறது. நாளைக்கு இந்த வரிசை இன்னும் நீளும்.

2018-ஆம் ஆண்டு சேவை வரிச் சட்டம், விலக்களிக்கும் அதிகாரத்தை நிதியமைச்சரிடமே கொடுத்திருக்கிறது. புதுச் சட்டம் வேண்டாம், ஓர் ஆணை போதும். தீபாவளிக்குத் தீபாவளி கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, முறுக்கைக் கடித்தபடி படம் எடுத்துக்கொண்டு, சிவப்பு அட்டைப் பிரச்சினை விரைவில் தீரும் என்று சொல்லிப்போகும் நம் தலைவர்கள், அடுத்த சேர்க்கைக்கு முன் நிரந்தரவாசிகளுக்கு விலக்களிக்கும் அந்த ஆணையைப் பிறப்பிக்கச் சொல்லி நிதியமைச்சுக்கு ஒரு கடிதமாவது எழுதுவார்களா? எழுதினால் அதன் நகலைத் தங்கள் நாளிதழுக்கு அனுப்பட்டும், நாங்களும் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிள்ளான்